காரோ தீவின் பழுப்பு

பழுப்பு என்று ஒரு நிறமே கிடையாது. கடைக்குப் போய்ப் பழுப்பு வேண்டும் என்று கேட்கிறவனுக்குக் கடைக்காரன் கையில் கிடைத்ததைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவான். ஈர மண் ஒரு பழுப்பு. தேநீர்க் கோப்பையின் அடிக்கறை ஒரு பழுப்பு. துருப்பிடித்த நங்கூரம் இன்னொன்று. நாற்பது வருஷம் தூரிகை பிடித்தவள் சொல்கிறேன், கிளிக்கு வண்ணம் பூச யாராலும் முடியும். குருவிக்குப் பூசுவதுதான் வேலை.

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி, அது ஒரு பக்கம் சாயும். இதில் உட்காருங்கள்.

என் கணவர் டிகரி ஹெண்ட்ராவின் வாழ்க்கையை எழுதுவதற்காக லண்டனிலிருந்து வந்திருக்கிறீர்கள். மூன்று நாளாக நல்ல பிள்ளையாகக் கேள்வி கேட்டீர்கள். எங்கே பிறந்தார், யாரிடம் படித்தார், எந்தப் படம் எந்த வருஷம். நானும் நல்ல விதவையாகப் பதில் சொன்னேன். இன்று காலை இரண்டு படங்களை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள். இரண்டும் காரோ தீவுக் குருவி. ஒரே அச்சுக்கல்லில் வரைந்து எடுத்த ஒரே படம். ஒன்று 1868-இல் நான் வண்ணம் பூசியது, மற்றது 1873-இல். "விலாப் பக்கம் நிறம் மாறியிருக்கே அம்மா" என்றீர்கள். நான் வயதாகிவிட்டது, ஞாபகமில்லை என்றேன். அதற்கு நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக, "உங்க வீட்டுக்காரர் அந்தப் பறவையில ஒண்ணைக்கூடக் கொன்னு கொண்டுவந்ததில்லைன்னு சொன்னீங்க. அப்ப சரியான நிறம் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?" என்று கேட்டீர்கள்.

கெட்டிக்காரர். முப்பது வருஷமாகப் பெரிய மனிதர்களெல்லாம் இந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டி, விருந்தாளிகளுக்குக் காட்டிப் பெருமூச்சு விடுகிறார்கள். ஒருவருக்கும் கண் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. அதனால் சொல்கிறேன். அவசரமொன்றும் இல்லை. செத்தவையெல்லாம் எப்போதோ செத்தாயிற்று.

என் அப்பா இந்தப் போர்த்வீன் துறையில் படகுகளுக்குச் சாயமும் கயிறும் விற்றார். மூலையில் ஒரு மேசையில் பழைய அச்சுப் படங்களும் இருக்கும். டிகரி பாய்மரத் துணி தைப்பவரின் மகன். வெட்டி எறிந்த துணியில் கரித்துண்டால் பறவைகளை வரைந்து பழகியவர். அந்தக் காலத்தில் பறவையைச் சுட்டு, கம்பியில் கட்டி நிறுத்தி வைத்துத்தான் வரைவார்கள். எல்லாப் படத்திலும் பறவை கழுத்துச் சுளுக்கியது போல நிற்கும். இவர் மட்டும் உயிரோடு இருப்பதைப் பார்த்தே வரைவேன் என்று பிடிவாதமாகக் குன்றுகளில் குப்புறப் படுத்துக் கிடப்பார். ஊரில் அவரைச் சோம்பேறி என்றார்கள்.

ஒரு நாள் கடைக்கு வந்து, "சிவப்பு வேணும்" என்றார்.

"என்ன சிவப்பு?"

"ரத்தம் மாதிரி."

"நேத்துக் குத்தின ரத்தமா, இன்னைக்குக் குத்தினதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னைக்குக் குத்தினது" என்றார். பாறை இடுக்கில் வாழும் சிவந்த மூக்குக் காக்கைக்காகத்தான் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் கலந்து கொடுத்தேன். மறுநாள் படத்தோடு வந்தார். அந்த மூக்கு காகிதத்தைக் கொத்திக்கொண்டு வெளியே வந்துவிடும் போல இருந்தது. ஏழு மாதத்தில் கல்யாணம்.

அதன் பிறகு அவர் அச்சுக்கல்லில் வரைவார், பிளிமத்தில் அச்சாகிக் கறுப்பு வெள்ளையாகக் கட்டுக் கட்டாக வரும், நான் ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் பூசுவேன். ஒரு படத்துக்கு இருநூறு பிரதி. இந்த அறையில் குறுக்கே கயிறு கட்டி உலரப் போட்டிருப்பேன். மழைக்காலத்தில் வீடு முழுக்கப் பறவை தொங்கும், குனிந்துதான் சமையலறைக்குப் போக வேண்டும். படத்தின் அடியில் 'உயிரோடு கண்டு வரைந்தவர் டி. ஹெண்ட்ரா' என்று இருக்கும். வண்ணம் பூசியவர் பெயர் போடுகிற வழக்கம் இல்லை. நானும் கேட்டதில்லை. சமைத்தவள் பெயரைத் தட்டில் எழுதுவார்களா என்ன.

எனக்குக் கொஞ்சம் குறும்பு உண்டு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பாதிரியார் பென்ரோஸ் பறவைகளைப் பற்றி எல்லாம் தெரிந்தவர். தெரியாததும் தெரியும். நீர்க்காகத்தின் கண் பச்சை நிறம். அவருக்குப் போகிற பிரதியில் மட்டும் நான் ஊதா பூசி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு சஞ்சிகையில் நான்கு பக்கம் எழுதினார்: கார்ன்வால் கரையின் நீர்க்காகங்களுக்கு ஊதாக் கண் உண்டு, தாமே பலமுறை மிக அருகில் கண்டிருக்கிறார். டிகரி அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்தார். எழுந்து வந்து என் கையை எடுத்து, சாயம் பட்ட விரல்களில் ஒவ்வொன்றாக முத்தமிட்டார். அது 1863. அந்த வருஷம் நன்றாக இருந்தது.

அடுத்த வசந்தத்தில் காரோ தீவுக்குப் போனார்.

அதைத் தீவு என்று சொல்வதே மரியாதைக்குத்தான். கரையிலிருந்து பத்து மைல், நடந்தால் அரை மணியில் சுற்றிவிடலாம், மரம் கிடையாது. அங்கேதான் அந்தக் குருவி இருந்தது. வாதுமைக் கொட்டைக்கு வால் வைத்தது போல. அதற்குச் சரியாகப் பறக்கத் தெரியாது. துரத்த அங்கே ஒன்றும் இல்லாததால் மறந்துவிட்டதோ என்னவோ. கல்லுக்குக் கல் தத்தி, அவர் காலணி மேலேயே ஏறி உட்காருமாம். உலகத்தில் வேறெங்கும் இல்லை. கண்டுபிடித்தவர் என் கணவர்.

அன்றிலிருந்து ஏப்ரல் பிறந்தால் படகேறுவார், செப்டம்பர் கடைசியில் வருவார். கல்லை அடுக்கி ஒரு குடிசை கட்டிக்கொண்டார். வீட்டில் இருக்கிற ஆறு மாதமும் பேச்சு அதைப் பற்றித்தான். எது யாரோடு சேர்ந்தது, எது கூட்டைக் கலைத்தது. சாப்பாட்டு மேசையில் எனக்கு அடுத்த வீட்டு வம்பு கேட்பது போல இருக்கும், ஆனால் அந்த வீட்டுக்கு என்னை அழைத்துப் போனதில்லை.

"நானும் ஒரு தரம் வரேனே" என்றேன். "நிறத்தைக் கண்ணால பாத்தா நல்லா பூசலாம்."

"நீ வந்தா அதுங்க பயந்துக்கும், லவ்டே" என்று என் பெயரைச் சொல்லி மறுத்துவிட்டார்.

அதனால் அவர் சொல்லச் சொல்லக் கலந்தேன். செங்கல்லைக் காட்டினேன், இஞ்சி ரொட்டியைக் காட்டினேன், நரி வாலைக் கடன் வாங்கிக் காட்டினேன். ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு, "கிட்டத்தட்ட" என்பார். அவ்வளவுதான். கிட்டத்தட்ட. நான்கு வருஷம் அந்த வார்த்தையோடு குடித்தனம் நடத்தினேன்.

தேதிகள் கேட்டீர்களே, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1867, ஜூன் பதினொன்று. எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, அன்று மாலையே போய்விட்டது. மெர்ரின் என்று பெயர் வைப்பதாக இருந்தோம். படகோட்டி ஸாக்கி ட்ரெவெல்லா செய்தி கொண்டுபோனான். கணவர் வரவில்லை, கடிதம் வந்தது. முதல் இரண்டு வரி துக்கம். மீதி இரண்டு பக்கம், அந்த வாரம் பொரித்த குஞ்சுகள். அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. காரணமென்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். நீங்கள் தேதி கேட்டீர்கள்.

காரணம் வேறு. படம் விற்கவில்லை.

அவர் செய்ததிலேயே சிறந்த படம் அதுதான். ஆனால் பழுப்புக் குருவியை யார் வாங்குவார்கள்? 1870 கோடையில் திருமதி வென்ஸ் என்று ஒரு சீமாட்டி கடைக்கு வந்தாள். கையுறையோடு படங்களைப் புரட்டினாள்.

"இது என்ன, எலியா?"

"குருவிங்க. காரோ தீவுக் குருவி. உலகத்துல வேற எங்கயும் கிடையாது."

"கிடையாதுன்னு யாரு அழுதா?" என்று புரட்டிக்கொண்டே போனவள் ஒரு படத்தில் நின்றாள். அது டிகரி வரைந்ததல்ல, வேறு யாரோ வரைந்தது. வடகடல் பாறைகளில் இருந்த, பறக்க முடியாத ஒரு பெரிய பறவை. வரைந்தவனுக்குக் கால் போடத் தெரியவில்லை. "இது நல்லா இருக்கே."

"அது இப்ப இல்லைங்க. கடைசி ஜோடியை இருபது, முப்பது வருஷத்துக்கு முன்னாடியே கழுத்தை நெரிச்சுட்டாங்களாம்."

அவள் கையுறையைக் கழற்றினாள். "அடப் பாவமே. இனிமே பாக்கவே முடியாதா?"

"படத்துலதான்."

"அப்ப ரெண்டு குடு. ஒண்ணு என் தங்கச்சிக்கு. அவளுக்கு ரொம்ப இளகின மனசு."

அவள் போன பிறகு நான் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். உலகத்தின் மிகச் சிறந்த பறவை ஓவியர் இந்த வீட்டில் இருக்கிறார், அவருடைய மிகச் சிறந்த படம் பெட்டியில் கிடக்கிறது, ஒரே ஒரு காரணத்துக்காக: அந்தக் குருவி இன்னும் உயிரோடு இருக்கிறது. இருப்பதைப் பார்க்க யாரும் காகிதத்தை வாங்க மாட்டார்கள். தான் வரைகிற குருவியே தன் பெயருக்குக் குறுக்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. கலைஞர்கள் அப்படித்தான். இதையெல்லாம் வீட்டில் உள்ளவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபரில் அவர் பிளிமத்துக்கு அச்சுக்கற்களோடு போயிருந்தார். நான் மத்தி மீன் உப்புப் போடுகிற கொட்டகைக்குப் போய் இரண்டு பூனைகளைப் பிடித்து மீன் கூடையில் போட்டு மூடினேன். கறுப்பு ஒன்று. வரிப்பூனை ஒன்று, பெட்டை. துறையில் ஸாக்கியிடம் சொன்னேன்:

"அவரோட குடிசைக்கு இது. எலிக்காக."

"தீவுல எலியே கிடையாதேம்மா."

"வராம இருக்கத்தான்."

"எலி நீந்தியா வரும்?"

"உன் படகுல வரும், ஸாக்கி. உன் படகை நான் பாத்திருக்கேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடையைத் தூக்கிப் பார்த்தான். "இந்த வரிப்பூனைக்கு வயிறு தொங்குதேம்மா. குட்டி போட்டுடும் போல."

"நல்லதுதான். தனியா இருக்காது பாரு."

நல்ல மனிதன். அந்த ஜனவரியிலேயே ஆஸ்திரேலியாவுக்குச் சுரங்க வேலைக்குப் போய்விட்டான். பாதி ஊர் அப்போது அங்கேதான் போயிற்று. கப்பல் செலவுக்குத் திண்டாடினான், கொஞ்சம் நான் உதவினேன். அக்கம்பக்கத்தில் உதவிக்கொள்வதுதானே.

தீவில் நான் இருந்தது ஒரு மணி நேரம். ஸாக்கி படகைப் பாறையில் இடிக்காமல் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றான். நான் கூடையோடு குடிசைக்கு ஏறினேன். உள்ளே அவருடைய முக்காலி, ஒரு தகரக் குவளை. சுவரில் பென்சிலால் பெயர்கள் எழுதியிருந்தார், அவர் பெயர் வைத்த குருவிகள், பொரித்த தேதியோடு. ஜென்னா, பெட்ரோக், கெர்ரா, இப்படி. 1867 ஜூன் வரிசையில் மெர்ரின் என்று இருந்தது.

அந்தக் கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணலாக இருந்தது. பென்சில் முனை உடைந்திருக்கும்.

வெளியே வந்து கூடையைக் கீழே வைத்தபோது ஒரு குருவி கல்லிடுக்கிலிருந்து வந்தது. பயப்படவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று தத்தலில் என் காலணி மேலேயே ஏறி, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. நான் அதன் விலாவைப் பார்த்தேன். ஆறு வருஷமாகத் தப்பாகப் பூசிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் போட்டதில் சிவப்பு அதிகம். அது செங்கல்லும் இல்லை, இஞ்சியும் இல்லை, நரியும் இல்லை. வாடிய பெரணி இலை மேல் சாய்ந்த வெயில் விழுந்தால் ஒரு நிறம் வருமே, அது. ஒரே பார்வையில் பிடித்துவிட்டேன். இதைச் சொல்ல அவருக்கு ஒரு பெரணி இலை போதும். ஏன் சொல்லவில்லை என்று யோசித்தேன். தனக்கென்று வைத்துக்கொண்டார் என்று தோன்றியது.

அந்த இடத்தில் என் மனம் தடுமாறியது, திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நின்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும்.

கூடையைத் திறந்தேன். கறுப்பு உடனே வெளியே வந்தது. வரிப்பூனைக்குக் கொஞ்சம் கூச்சம், கையை விட்டு எடுக்க வேண்டியிருந்தது.

ஏப்ரலில் வழக்கம்போல் அவர் போனார். மே மாதமே புதுப் படகோட்டியின் கையில் கடிதம் வந்தது: தீவில் பூனைகள், எப்படி வந்தன தெரியவில்லை, துப்பாக்கி வாங்கி அனுப்பு. நான் வாங்கி அனுப்பினேன். வாழ்நாளில் ஒரு சிட்டைச் சுடாத மனிதர் அந்தக் கோடை முழுக்கப் பூனை சுட்டார். சுட வரவில்லை. கடற்கரையில் பிரெஞ்சு மீனவர்கள் இறக்கிவிட்டிருப்பார்கள் என்று ஊரில் பேச்சு வந்தது. நான் அதை மறுக்கவில்லை. யாரோ ஒருவர் முதலில் சொன்னார்கள், ஒருவேளை நானாகவும் இருக்கலாம்.

1872-இல் ஒரே ஒரு குருவி மிஞ்சியிருந்தது. சுவரில் இருந்த பெயர்களில் எது என்று கடிதத்தில் எழுதியிருந்தார். அதற்குத் துணையில்லை, விடிந்ததிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, பதில் வருகிறதா என்று நடுவில் நிறுத்திக் கேட்கிறது. அழகாக எழுதியிருந்தார். எனக்கு அவர் எழுதிய கடிதங்களிலேயே அதுதான் நீளமானது. பத்திரமாக வைத்திருக்கிறேன், உங்கள் புத்தகத்துக்கு வேண்டுமானால் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

1873 கோடையில் ஒன்றும் இல்லை. ஐந்து மாதம் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்குள் குருவி அற்றுப்போன செய்தி செய்தித்தாள்களில் வந்துவிட்டது. கடையில் கூட்டம். கடிதம் கடிதமாகக் கேட்டார்கள். திருமதி வென்ஸ் நேரிலேயே வந்தாள், "நான்தான் இதை முதல்ல பாத்தேன், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். மூன்று வாங்கினாள். பாதிரியார் பென்ரோஸ், தாம் சிறுவயதில் காரோ குருவியைத் தம் தோட்டத்திலேயே கண்டதாக எழுதினார்.

பெட்டியில் கிடந்த பழைய பிரதிகள் ஒரு வாரத்தில் தீர்ந்தன. பிளிமத்திலிருந்து புதிதாக முந்நூறு வந்தது. யோசித்துப் பாருங்கள் தம்பி, இனி இந்த உலகத்தில் அந்தக் குருவி என்றால் இந்தக் காகிதம்தான். இதைத் தப்பான நிறத்தில் அனுப்ப எனக்கு எப்படி மனசு வரும்? அது பாவமில்லையா? தூரிகையைக் கழுவினேன். அந்தப் பெரணி இலையைக் கண்ணுக்குள் கொண்டுவந்தேன். மூன்றாவது முயற்சியில் வந்துவிட்டது. அதைத்தான் இன்று காலை மேசையில் வைத்தீர்கள்.

செப்டம்பர் கடைசியில் அவர் வீடு வந்தார். மெலிந்திருந்தார், தாடி வெளுத்திருந்தது. அறை முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் கயிற்றில் குருவிகள் உலர்ந்துகொண்டிருந்தன. கதவருகில் நின்றவர் நின்றபடியே இருந்தார். பிறகு ஒரு படத்தைக் கயிற்றிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். விலாவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்களுக்குக் கல்யாணமான பிறகு அவ்வளவு நேரம் அவர் என் முகத்தைப் பார்த்ததே இல்லை.

"இப்பத்தான் சரியா இருக்கு, லவ்டே" என்றார்.

கிட்டத்தட்ட என்று சொல்லவில்லை, கவனியுங்கள். சரி என்றார். அவரிடமிருந்து நான் வாங்கிய ஒரே பாராட்டு அது. அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை. உணர்ச்சி மிகுந்த மனிதர். படத்தைத் திரும்பக் கயிற்றில் மாட்டிவிட்டு, மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆக, பூனைகளைக் கொண்டுபோய் விட்டது நான்தான். ஸாக்கி இல்லை, பிரெஞ்சுக்காரர்கள் இல்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் எதற்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவர் பெயருக்காக. இன்று லண்டனில் அவர் பெயர் தெரியாத ஓவியன் உண்டா? ஏதோ ஒரு தீவில் தத்திக்கொண்டிருந்த குருவியை நம்பியிருந்தால் நீங்கள் இங்கே வந்திருப்பீர்களா?

அதன் பிறகு அவர் வரையவில்லை என்பது உண்மை. அச்சுக்கற்கள் வந்தன, தொடவில்லை. என்னோடு பேசவில்லை என்று ஊரில் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அவர் எப்போதும் பேச்சுக்காரர் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்கி வருவார். நான் ஆட்டுக்கறியும் கிழங்கும் வைப்பேன். எதிரே உட்கார்ந்து, தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார். உப்பு எட்டாவிட்டால்கூடக் கேட்க மாட்டார், நானே நகர்த்தி வைப்பேன். வசந்தம் வந்தால் அடுத்த வீட்டுப் பெண்கள், கடலுக்குப் போன புருஷனை எண்ணித் துறையில் நிற்பார்கள். நான் ஜன்னலை மூடிவிட்டு உலையைப் பார்ப்பேன்.

சாகிற வரைக்கும் இருபத்து மூன்று ஏப்ரல் வந்தது, தம்பி. ஒன்றில்கூட அவர் என்னை விட்டுப் போகவில்லை.